பார்த்துட்டு வந்து சொல்லு

வசந்தாமணி ஓர் ஊருக்குப் போய்விட்டு வந்து அதைச் சொன்னால், போகாதவருக்கும் கால் வலிக்கும். மிகையாகச் சொல்லவில்லை. அவள் பழனிக்குப் போய் வந்த கதையைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து போனாள். "நான் போயி எறங்குனனா" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மூக்குத்தி, படியில் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிய தேங்காய் மூடி, அந்தக் குரங்கோடு நியாயம் பேசிக்கொண்டு நின்ற பெரியவர், மலை மேல் அடித்த காற்று என்று ஒன்று விடாமல் வரும். நடுவில் யாராவது எழுந்து போனால் அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் கதை அங்கேயே நிற்கும்.

இவ்வளவும் அவள் ஊருக்காகச் சொன்னதில்லை. ஒரே ஓர் ஆளுக்காகச் சொன்னாள். அந்த ஆள் அவள் வீட்டுக்காரர் மயில்சாமி. கோழிப்பண்ணை வாசலில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லு" என்பார். அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார். ஆனால் நாலு நாள் கழித்து டீக்கடையில் பாருங்கள். பழனிக்கு நிஜமாகவே போய் வந்தவரிடம் படிக்கட்டு இந்தப் பக்கம் வளையும், அந்தப் பக்கம் வளையாது என்று அடித்துப் பேசிக்கொண்டிருப்பார். போய் வந்த மனுசன் தனக்கே சந்தேகம் வந்து டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

சரி, மயில்சாமி போய் வந்த கதை எப்படி இருக்கும்? அதைக் கேட்டால் வயிறு எரியும். தீவனக் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை பண்ணைக்காரர்களையெல்லாம் கோவாவுக்கு அழைத்துப் போனார்கள். போய்விட்டு வந்தவரிடம் வசந்தாமணி ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். பெரிசாக இருந்தது என்றார். அப்புறம் என்றாள். தண்ணீர் உப்பு என்றார். அத்தோடு கோவா முடிந்துவிட்டது. அவள் எழுந்து கோழிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஏன் ஒருவர் போக, ஒருவர் இருந்து கதை கேட்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கோழி வளர்க்காதவர்கள். முட்டைக்கோழிக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. விடிந்தால் தீவனம் போட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முட்டை பொறுக்க வேண்டும், நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாயில் ஒரு கண் வேண்டும். எடப்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புதுச்சத்திரத்துக்கு வந்த புதிதில் வசந்தாமணி இதை நம்பவில்லை. கூலிக்கு ஆள் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒரு சொந்தக்காரர் காதுகுத்துக்குப் போனார்கள். நல்ல சித்திரை வெயில். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது அந்த ஆளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஒரு வரிசைக் கோழி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தது. மயில்சாமி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. இனிமேல் ஒருத்தர் போனா ஒருத்தர் இருக்கோணும் என்றார். அவளும் சரி என்றாள். அதுதான் அவர்கள் வீட்டுச் சட்டம்.

அதற்கப்புறம் கல்யாணம் காட்சி, கோயில் குளம், சாவு எல்லாவற்றுக்கும் முறை வைத்துத்தான் போனார்கள். அவள் தம்பி கல்யாணத்துக்கு அவள் போனாள். அவர் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர் போனார். பண்ணையில் செட் என்று சொல்லும் கொட்டகைகள் இரண்டு இருந்தன. ஒரு செட்டில் கோழி முற்றி, விற்றுக் காலியாகும்போது இன்னொன்றில் நிறைந்திருக்கும். ஆகவே பண்ணை காலி என்ற நாளே வரவில்லை. பெற்ற மகள் ஷாலினியின் கல்யாணம் வைகாசியில் நடந்தது. மயில்சாமி முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக் கூட நிற்காமல், வெயில் ஏறிவிட்டது, கோழிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற படத்தில் வசந்தாமணி இந்தப் பக்கம் நிற்கிறாள். அந்தப் பக்கம் நிற்பது பெரியப்பா. அன்று ராத்திரி முழுக்க அவள் கல்யாணக் கதையைச் சொன்னாள், அவர் கேட்டார். தன் மகள் கல்யாணத்தையே கதையாகக் கேட்ட மனுசன் நாமக்கல் ஜில்லாவில் இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

அவர்களுக்குள் சண்டை உண்டா என்றால் இல்லை. பிரியம் இல்லையா என்றால் கொள்ளைப் பிரியம். ஆனால் வசந்தாமணியின் மனதில் ஒரே ஓர் ஆசை மட்டும் முள்ளாகக் கிடந்தது. ஒரு புது இடத்தை, ஒரே ஓர் இடத்தை, அவரும் தானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

இந்த வருசம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் பழைய செட்டின் கூரை மொத்தமாகச் சரிந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது அதில் கோழி இல்லை. மயில்சாமி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை இனி எடுத்துக் கட்ட வேண்டாம், ஒரு செட் போதும் என்று முடிவு செய்தார். ஆடியில் அந்த ஒரு செட் கோழியும் முற்றி லாரி ஏறிப் போனது. கூண்டுகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து முடித்த அன்று சாயங்காலம் பண்ணையில் ஒரு சத்தம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடம் இப்படி மூச்சடைத்துக் கிடந்து வசந்தாமணி பார்த்ததில்லை. புதுக் குஞ்சு வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

இதுதான் சமயம் என்று ஷாலினி பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் அன்பரசு திருச்செங்கோட்டில் பள்ளிக்கூட வாத்தியார். கார் இருக்கிறது, சனி ஞாயிறு திங்கள் மூன்று நாள் லீவு இருக்கிறது, கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தங்க அறை கிடைக்கிறது, எல்லாரும் கிளம்புகிறோம் என்று போனிலேயே முடிவாகச் சொல்லிவிட்டாள். நீலகிரிக்கு வண்டி போக இ-பாஸ் எடுக்க வேண்டுமாம், அதையும் அன்பரசு எடுத்துவிட்டார். மயில்சாமி ஒருதரம் காலிச் செட்டைத் திரும்பிப் பார்த்தார். காவல் காக்க ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, போலாம் என்றார். வசந்தாமணி அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டாள்.

விடிகாலையில் கிளம்பினார்கள். வசந்தாமணி கட்டுச்சோறு கட்டியிருந்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, பழைய பேட்ச்சின் கடைசி முட்டைகளை அவித்து ஒரு போசி நிறைய. மலையில் பிளாஸ்டிக் பாட்டில் விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னதால் தண்ணீரைத் தூக்குப்போசியில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் மயில்சாமி, பின் சீட்டில் அம்மாவும் மகளும். ஈரோட்டைத் தாண்டி, அவினாசியைத் தாண்டி, மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றங்கரைக்கு வருகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே கோயிலுக்குப் போகலாம் என்று ஷாலினி இறங்கினாள். அன்பரசு காரைப் பூட்டினார். மயில்சாமி காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றார். எதற்கு அப்பா என்றாள் மகள். வண்டி இருக்குதே என்றார். பூட்டித்தானே இருக்கிறது என்றாள். பூட்டினால் என்ன, ஓர் ஆள் இருக்கோணுமில்ல என்றார். கடைசியில் மூன்று பேரும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். வந்ததும் மயில்சாமி போனார். அவர் கும்பிட்டு வருகிற வரைக்கும் பூட்டிய காருக்கு இவர்கள் மூன்று பேரும் காவல் நின்றார்கள்.

மலை ஏறுகிற வழியில் ஓர் இடத்தில் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்று காரை நிறுத்தினார்கள். இந்தமுறை மயில்சாமியைக் கையைப் பிடித்து முதலிலேயே அழைத்துக்கொண்டு போய்விட்டாள் ஷாலினி. வெற்றி வெற்றி என்று திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வசந்தாமணி காருக்குப் பக்கத்தில் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் நான் போகிறேன் என்று அவள் வாய்தான் சொல்லியிருக்கிறது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மனதில் எவ்வளவு ஆசை இருந்து என்ன, கால் பழகின பாட்டுக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவர் திரும்பி வந்தார். அவள் கேட்காமல் இருக்க முடியாமல், எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆழமாக இருக்கிறது என்றார் மயில்சாமி. அவளுக்கு அவர் மேல் வந்த எரிச்சலைவிடத் தன் மேல் வந்த எரிச்சல்தான் அதிகம்.

உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்ள என்று ஷாலினி வாய்விட்டே சொல்லிவிட்டாள். அன்பரசு சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே போனது. மயில்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு, இந்தக் குளிருக்குக் குஞ்சுக்கு எத்தனை பல்பு போட வேண்டியிருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தேயிலை எங்கே என்று பார்த்தால் தேயிலையும் இல்லை, மலையும் இல்லை. மூடுபனி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டிருந்தது. தங்கும் வீட்டின் சொந்தக்காரர் கையை நீட்டி, அதோ அதுதான் தோட்டம் என்றார். அவர் கை மட்டும்தான் தெரிந்தது. காலையில் பாருங்கள், வெளுத்துவிடும் என்றார். நாலு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவித்த முட்டையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணிக்கு அதுகூட நல்லதாகத்தான் பட்டது. நாளைக் காலையில் பனி விலகும்போது காரும் இருக்காது, பூட்டும் இருக்காது. கதவைத் திறந்தால் தோட்டம். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய், ஒரே பாத்தியில் நின்றுவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டுச் சட்டத்தை மலை மேலேயும் கொண்டுவந்து காட்டுவதற்கு ஓர் அளவு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் அவள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மயில்சாமி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பனி இன்னும் விலகவில்லை. அவர் முதுகைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மற்றவர்களோடு பேசும்போது நடந்துகொண்டே பேசுவார். கோழி விசயம் என்றால் அசையாமல் நின்று பேசுவார்.

குஞ்சுக் கம்பெனியிலிருந்து போன். வேறொரு பண்ணைக்கு அனுப்ப வைத்திருந்த குஞ்சுகளை அந்தப் பண்ணைக்காரர் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இவருக்கு அடுத்த வாரம் வர வேண்டியதற்குப் பதிலாக நாளை விடியலிலேயே வண்டி வந்துவிடும். எடுத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது. பிறந்து ஒரு நாளான குஞ்சு. வந்து இறங்குவதற்கு முன்னால் உமி பரப்பி, பல்பு மாட்டி, படுதா இறக்கி, கொட்டகை சூடேறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிச் செத்துப்போகும். இதை அவர் சொல்லவே தேவையில்லை, அவளுக்குத் தெரியாததா.

ஷாலினி அழாத குறை. மாப்பிள்ளை உடனே காரை எடுக்கிறேன் என்றார். மயில்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் மூன்று பேரும் இருங்கள், ஆசையாக வந்திருக்கிறீர்கள், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பையில் வேட்டியைத் திணித்தார். பிறகு வசந்தாமணியின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. ஊருக்குக் கிளம்புகிற அவளிடம் பண்ணை வாசலில் நின்று எப்போதும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்.

"நீ இரு அம்மிணி. நல்லா பார்த்துட்டு வந்து சொல்லு."

அவ்வளவுதான். இந்த மனுசனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் மேல் என்ன தப்பு? நல்லதை எல்லாம் அவள் பார்க்கட்டும், தனக்கு அவள் வாய் போதும் என்று நினைக்கிற மனுசன். அந்த நினைப்புதான் இத்தனை காலமும் அவளை ஒவ்வோர் ஊரிலும் தனியாக நிறுத்தியது. அவள் உள்ளே போனாள். தன் பையை எடுத்தாள். ஈரச் சேலையை மடித்து அதில் வைத்தாள். வெளியே வந்து செருப்பைப் போட்டாள்.

"எத்தன வருசமா நானே பார்த்துட்டு வந்து சொல்லிக்கிட்டிருக்கறனுங்க," என்றாள். "இந்த ஒண்ண நான் சொல்ல மாட்டன். நானும் வாரேன்."

மயில்சாமிக்குப் புரியவில்லை. குஞ்சு இறக்குகிற வேலைக்குத் தான் ஒருத்தன் போதும் என்றார்.

"குஞ்சுக்காக நான் வரலீங்க. உங்ககூட வாரேன். தேயிலை பஸ் சன்னல்லயும் தெரியும்."

ஷாலினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வசந்தாமணி மகளின் கன்னத்தைத் தடவி, நீயும் மாப்பிள்ளையும் இருங்க சாமி, நீங்களாச்சும் சேர்ந்து பாருங்க என்றாள். அம்மா, அப்பாவோடு போகட்டும் என்று ஷாலினியே வீட்டுக்காரரிடம் சொல்ல, இரண்டு பேருமாகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவின் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, வயிற்றைப் புரட்டினால் மோந்துகொள் என்றாள்.

மேட்டுப்பாளையம் பஸ் காத்திருந்தது. ஜன்னல் பக்கம் வசந்தாமணி, பக்கத்தில் மயில்சாமி. இரண்டு பேர் சீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அந்தக் காதுகுத்துக்குப் போன பஸ்தான் நினைவுக்கு வந்தது. மயில்சாமி எலுமிச்சம்பழத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உனக்கு வேண்டும்போது தருகிறேன், நீயே வைத்திருந்தால் சன்னலைப் பார்க்கிற சாக்கில் கீழே விட்டுவிடுவாய் என்றார். பஸ் கிளம்பியது. வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் போனில் உமி வியாபாரியைக் கூப்பிட்டு இரண்டு மூட்டை கூடவே கொண்டுவரச் சொன்னார். அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். துடைத்த இடத்திலும் வெள்ளைதான் இருந்தது. சரி, நம் தலையெழுத்து இவ்வளவுதான் போலிருக்கிறது, அவர் பக்கத்தில் இருக்கிறாரே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு வளைவில் பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். ஏன் எதற்கு என்று பின்னால் ஒருவர் சத்தம் போட, கண்டக்டர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். ரோட்டோரத்தில் கருங்கல் பாறை மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கியது. காட்டெருமை. கோத்தகிரிக்காரர்களுக்கு அது தினமும் பார்க்கிற மாடு. பஸ்ஸில் பாதிப் பேர் தலையைக்கூடத் திருப்பவில்லை. வசந்தாமணி மூச்சு விட மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாடு அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து கீழே இறங்கியது. அது இறங்குகிற பக்கம் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. முதலில் நாலு வரிசை தேயிலை தெரிந்தது. பிறகு ஒரு சரிவு. பிறகு அடுத்த சரிவு, அதற்கப்பால் இன்னொன்று. கத்தரித்து விட்ட செடிகள் மட்டமாக, ஈரம் மின்ன, ஒரே பச்சையாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் இறங்கிக்கொண்டே போயின. இடையிடையே உயரமான மரங்கள். எங்கோ கீழே ஒரு வீட்டுக் கூரையிலிருந்து புகை.

வசந்தாமணியின் மனம் பழக்கத்தில் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. எந்த நல்லதைப் பார்த்தாலும் அதை எப்படி அவரிடம் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வார்த்தை தேடுவாள். இந்தப் பச்சையை எப்படிச் சொல்வது? நம் சோளக்காட்டுப் பச்சை இல்லை, மரவள்ளிப் பச்சையும் இல்லை. மழை பெய்த மறுநாள் கொழுந்து வெற்றிலை இருக்குமே, அது என்று சொன்னால் அவருக்குப் புரியும். பனி விலகினதை எப்படிச் சொல்வது? அடுப்படிப் புகை சன்னல் வழியாகப் போகுமே, அந்த மாதிரி என்று சொல்லலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தவளுக்குத் தோள் மேல் ஏதோ பட்டது. மயில்சாமியின் முகவாய். அவர் அவள் தோளுக்கு மேலே எட்டி, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் மடியில் கிடந்தது. உமி வியாபாரி அதற்குள்ளிருந்து அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அம்மிணி," என்றார் மெதுவாக. "அந்த மாட்டோட காலப் பாரு. பள்ளிக்கூடத்துப் பையனாட்ட முழங்கால் வரைக்கும் வெள்ளச் சாக்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்குது."

அவள் பார்த்தாள். ஆமாம், நிஜம்தான். அத்தனை கருப்பு மாட்டுக்கு நாலு காலிலும் வெள்ளை. அவள் பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார். கோவாவையே இரண்டு வார்த்தையில் முடித்த மனுசன் வாயிலிருந்து இது வந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றைப் புரட்டுகிறதா என்று அவர் பதறிச் சட்டைப் பைக்குள் கையை விட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் கையைப் பழத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பி, தேயிலை முடிந்து, காடு வந்து, பாக்குமரம் வந்து, வெயில் முகத்தில் அறைகிற வரைக்கும் அந்தக் கையை அவள் விடவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் மாறி மாறிப் புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உமி வந்து இறங்கியிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் உமி பரப்பினாள், அவர் பல்பு மாட்டினார். படுதாவை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கிக் கட்டினார்கள். பொழுது இறங்குவதற்குள் எல்லாப் பல்பும் எரிந்து, குஞ்சுக் கொட்டகை அடைகாக்கிற கோழியின் அடிவயிறு மாதிரிக் கதகதவென்று ஆகிவிட்டது. இனி விடியலில் வண்டி வந்தால் போதும். நாளையிலிருந்து மறுபடியும் ஒருத்தர் போனால் ஒருத்தர் இருக்க வேண்டியதுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வசந்தாமணி டீ வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஷாலினி போன் செய்திருந்தாள். பனி நன்றாக விலகிவிட்டதாம், அவளும் மாப்பிள்ளையும் தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறார்களாம். அதைச் சொல்லிக்கொண்டே அவரிடம் டம்ளரைக் கொடுத்தாள். மயில்சாமி கயிற்றுக் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். டீயை ஒரு வாய் குடித்தார். பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ம், சொல்லு," என்றார்.

வசந்தாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் பஸ் மாறி மாறி வந்ததில் மூளை ஏதாவது குழம்பிவிட்டதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"என்னத்தச் சொல்றதுங்க? நீங்களுந்தான கூடவே உக்கோந்து பார்த்தீங்க."

"பார்த்தன்," என்றார் மயில்சாமி. டம்ளரைக் கட்டில் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "பார்த்தாலும் நீ சொல்லு."

அவள் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வெற்றிலைப் பச்சையும் அடுப்படிப் புகையும் அவள் சேர்த்து வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அவர் கொடுத்த வெள்ளைச் சாக்ஸும் இருந்தது. கொட்டகைக்குள் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல ஏறி உக்கோந்தமா," என்று தொடங்கினாள்.